1966 மஸ்டாங்: பாகம் தேடும் முன் காரைப் படியுங்கள்

கேட்டவர் டெக்சாஸில் இருக்கிறார். 1966 ஃபோர்டு மஸ்டாங் ஹார்ட்டாப் (நிலையான உலோகக் கூரை கொண்ட வகை) ஒன்றை வாங்கியிருக்கிறார். பத்து வருஷத்துக்கு மேல் ஒரு கொட்டகையில் நின்ற வண்டி. உள்ளே இருப்பது 289 (கன அங்குலம்) வி8 எஞ்சின் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். வார இறுதிகளில் தானே வேலை பார்த்து ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர ஆசை. பாகங்கள் எங்கே கிடைக்கும், யாரிடம் யோசனை கேட்பது, எதில் தொடங்குவது என்பவை அவருடைய கேள்விகள்.

முதலில் நல்ல செய்தி. பழைய அமெரிக்க கார்களில் பாகம் கிடைப்பதற்கு இதைவிட எளிதான வண்டி இல்லை என்றே சொல்லலாம். 1966 மாடல் ஆண்டில் மட்டும் ஃபோர்டு 6,07,568 மஸ்டாங் செய்தது. அதில் உங்களுடையதைப் போன்ற ஹார்ட்டாப் 4,99,751. இவ்வளவு வண்டி ஓடியதால், இவற்றுக்குப் புதிதாகப் பாகம் செய்து விற்பதே ஒரு தனித் தொழிலாக வளர்ந்துவிட்டது. கதவுக் கைப்பிடியிலிருந்து தரைத் தகடு வரை, டேஷ்போர்டு பேடிலிருந்து பெட்ரோல் டேங்க் வரை எல்லாமே புதிதாகக் கிடைக்கிறது. முதல் தலைமுறை மஸ்டாங்குக்கு முழு ஸ்டீல் பாடியையே செய்து விற்கிறார்கள்.

அதனால் பாகம் கிடைக்குமா என்பது உங்கள் பிரச்சினை இல்லை. எந்தப் பாகம் உங்கள் வண்டிக்கு உரியது, எதை மாற்ற வேண்டும், எதைக் கழற்றாமலே விட வேண்டும் என்று தெரிவதுதான் கடினம். ஐம்பது, அறுபது வருஷத்தில் ஒரு கார் பல கைகள் மாறியிருக்கும். ஒருவர் எஞ்சினை மாற்றியிருப்பார், இன்னொருவர் விபத்தில் அடிபட்ட கதவுக்குப் பதிலாக வேறு வண்டியின் கதவைப் போட்டிருப்பார். கேட்லாக்கைத் திறந்து ஆர்டர் போடத் தொடங்கும் முன் ஒரு முழு வார இறுதியைக் காரைப் படிப்பதற்கு ஒதுக்குங்கள். நோட்டு, டார்ச், கம்பி பிரஷ், கேமரா இவ்வளவு போதும்.

வின் (VIN) எண்ணில், அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் தனியாகக் கொடுக்கப்படும் அடையாள எண்ணில் தொடங்குங்கள். பானெட்டைத் திறந்தால், ஓட்டுநர் பக்கம் உள் மட்கார்டுத் தகட்டின் மேல் விளிம்பில் அது அச்சடிக்கப்பட்டிருக்கும். முதல் எண் 6 என்றால் 1966 மாடல். அடுத்த எழுத்து தொழிற்சாலை: எஃப் என்றால் மிச்சிகனின் டியர்பார்ன், ஆர் என்றால் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே, டி (T) என்றால் நியூ ஜெர்சியின் மெட்டச்சன். அடுத்து 07 ஹார்ட்டாப், 08 கூரையை மடிக்கக்கூடிய கன்வர்ட்டிபிள், 09 கூரை பின்னால் சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக். அதற்கு அடுத்த எழுத்துதான் உங்களுக்கு முக்கியம், அதுதான் எஞ்சின். சி என்றால் இரண்டு பேரல் கார்புரேட்டர் போட்ட 200 குதிரைத்திறன் 289. ஏ என்றால் நான்கு பேரல், 225. கே என்றால் 271 குதிரைத்திறன் கொண்ட, சேகரிப்பவர்கள் துரத்தும் அந்த 289. டி (T) என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர்.

உங்கள் வண்டியில் வி8 இருந்து, வின் எண்ணில் டி இருந்தால் ஆறு சிலிண்டர் வண்டியில் யாரோ வி8 இறக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது பாவமில்லை, நிறையப் பேர் செய்கிறார்கள். ஆனால் எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டிருந்தால் ஆபத்து. சக்கரத்தில் எத்தனை போல்ட் என்று எண்ணிப் பாருங்கள். ஆறு சிலிண்டர் வண்டிக்கு நான்கு, வி8 வண்டிக்கு ஐந்து. ஆறு சிலிண்டருக்கு 9 அங்குல பிரேக் டிரம், வி8-க்கு 10 அங்குலம். பின் ஆக்சிலும் வேறு: ஆறு சிலிண்டருக்குச் சிறிய 7.25 அங்குலம், வி8-க்கு 8 அங்குலம், கே எஞ்சின் வண்டிக்கு 9 அங்குலம். முன்பக்க சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் பாகங்களும் மாறும். பெரிய எஞ்சினும் சின்ன பிரேக்கும் சேர்ந்த வண்டி என்றால் பெயிண்ட், சீட் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு முதல் செலவை அங்கே செய்யுங்கள். பிரேக் பாகம் வாங்கும்போதும் '1966 மஸ்டாங்' என்று மட்டும் சொல்லி ஆர்டர் போட முடியாது என்பது இதிலிருந்தே புரியும்.

ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும். பாடி வகை, பெயிண்ட், உள் அலங்காரம், செய்யத் திட்டமிட்ட தேதி, ஆக்சில், கியர்பாக்ஸ் எல்லாம் அதில் குறியீடாக இருக்கும். 65ஏ சாதாரண ஹார்ட்டாப். பெயிண்டில் எம் என்றால் விம்பிள்டன் வெள்ளை, டி (T) என்றால் கேண்டியாப்பிள் சிவப்பு, ஏ என்றால் ரேவன் கறுப்பு. தேதியில் எண் நாளைக் குறிக்கும், எழுத்து மாதத்தைக் குறிக்கும்: 15சி என்றால் மார்ச் 15. கதவு மாறியிருந்தால் தகடும் வேறு வண்டியுடையதாக இருக்கும். அதனால் தகட்டில் உள்ள வின் எண்ணையும் உள் மட்கார்டில் உள்ளதையும், உங்கள் கையில் இருக்கும் டைட்டில் என்ற உரிமைப் பத்திரத்தையும் சேர்த்து வைத்துச் சரிபாருங்கள். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். உள் மட்கார்டு துருப்பிடித்திருக்கிறது, புதிது போட்டுவிடலாம் என்று எந்த டிங்கரிங் கடைக்காரர் சொன்னாலும் வின் அச்சடித்த பகுதியில் கை வைக்க விடாதீர்கள். அந்த எண்ணை நீக்குவதோ மாற்றுவதோ அமெரிக்கச் சட்டப்படி குற்றமாகலாம், வண்டியை விற்கவும் முடியாமல் போகும்.

மார்ட்டி ரிப்போர்ட் வாங்குங்கள் என்று பலர் உங்களுக்குச் சொல்வார்கள். ஃபோர்டின் பழைய உற்பத்திப் பதிவுகளிலிருந்து உங்கள் வண்டி எப்படிப் பிறந்தது என்று எடுத்துத் தரும் அறிக்கை அது. அருமையான சேவை, ஆனால் அந்தப் பதிவுகள் 1967 மாடலிலிருந்துதான் இருக்கின்றன. 1966-க்கு அந்த வழி இல்லை. வண்டியே சொன்னால்தான் உண்டு.

வண்டி சொல்வதை வாசிக்க ஃபோர்டின் பாக எண் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு மாலை உட்கார்ந்தால் பிடிபட்டுவிடும். சி5இசட்இசட் என்று தொடங்கும் எண்ணை எடுத்துக்கொள்வோம். சி என்றால் 1960-கள், 5 என்றால் 1965. முதல் இசட் மஸ்டாங், இரண்டாவது இசட் என்றால் ஃபோர்டு டீலர் கடையில் உதிரிபாகமாக விற்கப்பட்டது. அதற்குப் பின் வரும் எண் என்ன வகைப் பாகம் என்று சொல்லும், கடைசி எழுத்து திருத்தத்தைச் சொல்லும். வார்ப்பு இரும்பில் காணும் எண்கள் இதே மாதிரிதான், ஆனால் அவை வடிவமைப்பு எண்கள். எஞ்சின் பிளாக்கில் சி5ஏஈ என்று இருந்தால் 'ஏ என்றால் பெரிய கேலக்ஸி காராச்சே, என் எஞ்சின் வேறு வண்டியுடையதா' என்று பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டாம். அந்த எழுத்து எந்த வண்டி வரிசைக்காக முதலில் வரையப்பட்டது என்பதைத்தான் காட்டும், எந்த வண்டியில் ஏறியது என்பதை இல்லை. 1966 வண்டியில் 1965 வடிவமைப்பு எண் இருப்பதும் சாதாரணம். வார்த்த தேதி பக்கத்தில் தனியாக இருக்கும்: 6சி15 என்றால் 1966 மார்ச் 15. வண்டி செய்த தேதிக்குச் சில வாரங்கள் முந்தியதாக அது இருந்தால், கூடவே பிறந்த எஞ்சின் என்று ஓரளவு நம்பலாம்.

இந்த எண்கள் கையில் இருந்தால், பழைய பாகம் விற்கும் சந்தையில் மேசைமேல் குவிந்து கிடக்கும் நூறு கார்புரேட்டரில் உங்களுடையதை நீங்களே எடுக்கலாம். விற்பவருக்கே அது எதனுடையது என்று தெரியாமல் இருக்கும். உங்களுக்குத் தெரியும்.

அடுத்து துரு. தகட்டையே அடிச்சட்டமாகவும் பாடியாகவும் சேர்த்துச் செய்த வண்டி இது. தனி சேஸிஸ் கிடையாது. அதனால் தகடு அழுகினால் வண்டியின் பலமே போகும். பார்க்க வேண்டிய முதல் இடம் முன் கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போகும் சல்லடைப் பெட்டி. இந்த ஊரில் கவ்ல் என்பார்கள். மழைநீர் அதற்குள் இறங்கி ஓரமாக வெளியேற வேண்டும். இலை அடைத்து, ஈரம் தங்கி, காற்றுத் துவாரத்தைச் சுற்றி அரித்துவிடும். பிறகு தண்ணீர் நேராகக் கால் வைக்கும் இடத்தில் கொட்டும். சோதிப்பது சுலபம்: டேஷ்போர்டுக்கு அடியில் ஒருவரை டார்ச்சோடு படுக்க வைத்து, மேலே சல்லடையில் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். உள்ளே சொட்டினால் கவ்ல் போய்விட்டது. முன்பக்கத் தரைத் தகடும் போயிருக்க வாய்ப்பு அதிகம். தரையை மட்டும் புதிதாகப் போட்டுவிட்டு கவ்லை விட்டால் புதுத் தரையும் அழுகும். கவ்ல் வேலை பெரியது. ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாக வெட்டி மேல் தகட்டைத் தூக்க வேண்டும். அதனால் பெயிண்ட் பற்றிய எந்த முடிவும் அதற்குப் பிறகுதான்.

தரைக்கு அடியில் நீள வாக்கில் ஓடும் சட்டங்கள், எஞ்சினுக்கு இருபுறமும் முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் ஷாக் டவர், பின் சக்கர வளைவு, டிக்கியின் இரு ஓரங்கள் எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். இந்த மாடலில் பெட்ரோல் டேங்கின் மேல்தகடே டிக்கியின் தரை. அதைச் சுற்றிய ரப்பர் போனால் டிக்கியில் தண்ணீரும் பெட்ரோல் வாடையும் வரும். டேங்க் புதிதாகவே கிடைக்கிறது, 16 காலன். பத்து வருஷம் பெட்ரோல் நின்று பிசினாகிப் போன டேங்கைக் கழுவிச் சரிசெய்ய மெனக்கெட வேண்டாம்.

சரி, கடைகள். கேட்லாக் வியாபாரத்தில் பெரியவர்கள் ஃபுளோரிடாவின் ஒக்காலாவில் உள்ள நேஷனல் பார்ட்ஸ் டிப்போ, பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்கில் உள்ள சிஜே போனி பார்ட்ஸ், வர்ஜீனியாவில் உள்ள வர்ஜீனியா கிளாசிக் மஸ்டாங். இவர்களுடைய அச்சுக் கேட்லாக் கிடைத்தால் வாங்கி வையுங்கள். பாகங்களை எந்த வரிசையில் கழற்றி மாட்டுவது என்பதற்கு அதில் உள்ள படங்களே பாதி பாடம். ஸ்காட் டிரேக் என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும். அது மஸ்டாங் பாகங்களுக்கான பிராண்டு, பல கடைகள் அதையே விற்கின்றன. வாட்டர் பம்ப், பெல்ட், பிரேக் ஷூ, சக்கர சிலிண்டர், கேஸ்கெட் போன்ற ஓடும் பாகங்களுக்கு மஸ்டாங் கடை வேண்டியதே இல்லை. ராக் ஆட்டோ என்ற இணையக் கடையிலோ ஊரில் உள்ள பாகக் கடையிலோ விலை குறைவு. மஸ்டாங், ஃபால்கன் என்ற எளிய காரின் அடித்தளத்தில் பிறந்தது. அதனால் ஃபால்கன், காமெட் வண்டிகளின் ஓடும் பாகங்கள் பல இதற்கும் சேரும். எது எதோடு மாறும் என்பதைப் பழைய ஹாலண்டர் இன்டர்சேஞ்ச் கையேட்டில் பார்க்கலாம்.

1965-66 என்று சேர்த்துப் பட்டியல் போட்டிருக்கும் பாகம் எல்லாம் இரண்டு வருஷத்துக்கும் ஒன்றே என்று நினைக்க வேண்டாம். பாடித் தகடுகள் பெரும்பாலும் ஒன்றே. ஆனால் முன் கிரில், பக்கவாட்டு அலங்காரம், பெட்ரோல் மூடி வேறு. 1966-இல் எல்லா மஸ்டாங்கிலும் ஐந்து வட்ட மீட்டர்கள் வந்தன, 1965 சாதாரண மாடலில் ஃபால்கன் பாணியில் நீளவாக்கு ஸ்பீடோமீட்டர். மீட்டர் மாறினால் வயரிங்கும் மாறும்.

புதிதாகச் செய்த பாகங்களின் தரத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எல்லாம் கிடைக்கிறது, ஆனால் எல்லாம் பொருந்தாது. மட்கார்டு, பானெட், கதவு ஆகியவற்றில் இடைவெளி சரியாக வராமல் போவது சகஜம். பெயிண்ட் அடிப்பதற்கு முன் ஒருமுறை எல்லாவற்றையும் வண்டியில் மாட்டி, கதவைத் திறந்து மூடிப் பார்த்து, அப்புறம்தான் அடிக்க வேண்டும். பெயிண்ட் அடித்த பாகத்தை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது. கதவு ரப்பர் சில பிராண்டுகளில் தடிமனாக இருந்து கதவே மூடாது. ஒரே பாகத்துக்கு இரண்டு மூன்று தரம் இருக்கும், கடைக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் வெளிப்படையாகச் சொல்வார். ஃபோர்டு அனுமதி பெற்றுச் செய்தது என்ற முத்திரை ஓரளவு உதவும், அதுவும் முழு உத்தரவாதம் இல்லை.

அதனால்தான் பழைய பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஃபோர்டு அன்று அடித்த கதவு, சொட்டை விழுந்திருந்தாலும், பல நேரம் புதுக் கதவைவிட நன்றாகப் பொருந்தும். ஆட்டோலைட் 2100 கார்புரேட்டர் அழுக்கேறி இறுகியிருந்தாலும் கழுவி, கேஸ்கெட் முதலியவை அடங்கிய பழுதுபார்க்கும் கிட் போட்டால் வேலை செய்யும். எளிமையான, நல்ல கார்புரேட்டர் அது. ஒவ்வொரு போல்ட்டையும் எங்கே இருந்தது என்று எழுதிப் பையில் போடுங்கள். புதுப் பாகம் மாட்டி வண்டி ஓடி, சில மாதம் ஆகும்வரை பழையது அலமாரியில் இருக்கட்டும்.

அன்று ஃபோர்டு செய்து, விற்காமல் பெட்டியிலேயே தங்கிய பாகங்களை என்.ஓ.எஸ். என்பார்கள். விலை கூரையில் இருக்கும். ஓட்டுவதற்கான ஹார்ட்டாப்புக்கு அது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். இந்த மாடலை முழுக்க இழைத்து முடித்தால் ஆகும் செலவு, விற்கும் விலையைத் தாண்டிவிடும். ஃபாஸ்ட்பேக்குக்கோ கே எஞ்சின் வண்டிக்கோ கணக்கு வேறு.

நீங்கள் டெக்சாஸில் இருப்பதால் ஒரு வசதி. ஏப்ரல் கடைசியில் ஃபோர்ட் வொர்த் பக்கம் டெக்சாஸ் மோட்டார் ஸ்பீட்வேயில் பேட் ஸ்வாப் மீட் நடக்கும், நாட்டின் பெரிய பழைய பாகச் சந்தைகளில் ஒன்று. கிழக்கே போக முடிந்தால் ஜூன் மாதம் பென்சில்வேனியாவின் கார்லைலில் ஃபோர்டு வண்டிகளுக்கென்றே ஒரு பெரும் கூட்டம் உண்டு. சந்தைக்குப் போகும்போது வாங்க வேண்டிய பாகத்தின் எண், அளவு, உங்கள் பழைய பாகத்தின் படம் மூன்றும் கையில் இருக்கட்டும். துருப்பிடிக்காத பழைய தகடு வேண்டுமென்றால் அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கத்து வறண்ட ஊர் வண்டிகளிலிருந்து வந்தது என்று சொல்பவரிடம் கேளுங்கள். சொல்வதை நம்பாமல் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்.

யோசனைக்கு யாரிடம் போவது? முதல் ஆசான் ஃபோர்டின் 1966 ஷாப் மேனுவல்தான். மறுபதிப்பாகக் கிடைக்கிறது, காமெட், ஃபால்கன், ஃபேர்லேன், மஸ்டாங் நான்குக்கும் சேர்த்தது. இறுக்க வேண்டிய அளவு, இடைவெளி, சரிசெய்யும் முறை எல்லாம் அதில் இருக்கும். யாராவது ஒன்று சொன்னால் அதோடு ஒப்பிடுங்கள். இரண்டாவது, மஸ்டாங் கிளப் ஆஃப் அமெரிக்கா. 1976-இல் தொடங்கிய சங்கம், பல ஊர்களில் கிளைகள் உண்டு. கண்காட்சிகளில் வண்டிகளை நுணுக்கமாக மதிப்பிடும் நடுவர்கள் இதில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரோடு அரை மணி நேரம் வண்டியைச் சுற்றி வந்தாலே நிறைய விளங்கும். கிளைக் கூட்டத்துக்கு நேரில் போங்கள். இதே வேலையைத் தன் கையால் செய்து முடித்தவர் அங்கே இருப்பார். எந்த எஞ்சின் கடை ஒழுங்காகச் செய்யும், எந்த டிங்கரிங் கடை வண்டியை வருஷக்கணக்கில் மூலையில் போட்டுவிடும் என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

கேட்கும் முறையும் முக்கியம். 'என் மஸ்டாங்குக்கு என்ன பிரேக் போடலாம்' என்றால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். 'வின் எண்ணில் சி, ஐந்து போல்ட், 10 அங்குல டிரம், ஒற்றை மாஸ்டர் சிலிண்டர், தினமும் ஊருக்குள் ஓட்டுவேன்' என்று கேட்டால் உருப்படியான பதில் வரும். யோசனை சொல்பவர் கண்காட்சிக்கு வண்டி செய்பவரா, பந்தயத்துக்குச் செய்பவரா, தினம் ஓட்டுபவரா என்றும் தெரிந்துகொள்ளுங்கள். மூவர் சொல்வதும் அவரவர் வண்டிக்குச் சரியாகவே இருக்கும்.

கடையில் வேலை கொடுப்பதென்றால் இன்னின்ன வேலை, இன்ன கட்டத்தில் இவ்வளவு பணம் என்று எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பாகங்கள் உங்களுக்கே திரும்ப வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள். மொத்தப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள்.

பாதுகாப்பில் நான் விட்டுக்கொடுக்காத சில விஷயங்கள் உண்டு. 1966 வரை மஸ்டாங்குக்கு ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதித்தால் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சுற்றில் பிரேக் எண்ணெயைத் தள்ளும் பாகம். எங்காவது ஓர் இடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். 1967-இல் ஃபோர்டே இரட்டைச் சுற்றுக்கு மாறியது. அந்த ஆண்டின் டிரம் பிரேக் மாஸ்டர் சிலிண்டரை, குழாய்களைக் கொஞ்சம் மாற்றி இதில் பொருத்தலாம். பலரும் செய்கிறார்கள், கிட்டாகவே கிடைக்கிறது. அசலாக இருக்க வேண்டும் என்ற வாதத்தை இந்த ஓர் இடத்தில் நான் ஏற்கமாட்டேன். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசியைக் கிளப்பாதீர்கள். இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயைத் தின்றுவிடும். ஜே30ஆர்9 என்று அச்சடித்த குழாயாக எல்லாவற்றையும் மாற்றுங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் வயரின் உறை வெடித்து உதிர்ந்தால் டேப் சுற்றி ஒப்பேற்றாமல் முழு வயரிங்கையும் மாற்றுவது நல்லது.

இன்னும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவில்லை என்றால், அவசரப்பட்டு பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்ப வேண்டாம். ஸ்பார்க் பிளக் எட்டையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, எஞ்சினின் முன்னால் கிராங்க் தண்டில் உள்ள பெரிய போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பழைய எண்ணெயை வடித்து, துத்தநாகச் சேர்மானம் உள்ள எண்ணெய் ஊற்றுங்கள். வால்வுகளைத் திறந்து மூடும், அந்தக் காலத்து கேம், டேப்பட் அமைப்புக்கு அது வேண்டும். சுற்றவில்லை என்றால் பலம் போடாமல் நிறுத்திவிடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது வின் எண், கதவுத் தகடு, பிளாக்கில் உள்ள வார்ப்பு எண், சக்கரப் போல்ட் எண்ணிக்கை, கவ்ல் தண்ணீர்ச் சோதனை, இவ்வளவுதான். ஐந்தையும் படத்தோடு எழுதுங்கள். எந்த பிரேக், எந்த ஆக்சில், முதல் ஆர்டரில் என்னென்ன என்று அதை வைத்துச் சொல்கிறேன்.